சைலன்சர் மாற்றிய பிறகு

ஜூன் 2, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று அங்கன்வாடியைத் திறந்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்து அழுதார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால், துவைக்கிற கல்லின் மேல் இரண்டு பழைய சைலன்சர்கள் கரி வழியக் கிடக்கின்றன. காலையில் நான் ஊறவைத்துவிட்டுப் போன வெள்ளைத் துணி பக்கத்து வாளியில். வாசலில் இவர் அந்தப் பழைய ஜாவா வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பளபளவென்று இரண்டு புதுக் குழாய்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங், துவைக்கிற கல்லு மேலதான் இதைய வெக்கோணுமா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் சத்தமாகக் கேட்டேன். ஸ்பேனரைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கேட்டுக்கு வெளியே இவருடைய சிநேகிதர் கிட்டுசாமி அண்ணன், பானைக்குள்ளிருந்து பேசுகிற அந்தக் குரலில், "நாச்சிமுத்து" என்றார். கூப்பிட்டதுகூட இல்லை, சும்மா சொன்னார். இவர் உடனே எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார்.

சிநேகிதன் கூப்பிட்டால் காது கேட்கிறது. பெண்டாட்டி கூப்பிட்டால் கேட்பதில்லை. எழுதி வைக்கிறேன். எண்ணெய்க் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி இத்தனை நாள் சும்மாதான் கிடந்தது. பேச ஆளில்லாத வீட்டில் இதாவது கேட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

வண்டியைக் கிளப்பினார். எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இதற்குப் பெயர் சைலன்சராம்.

ஜூன் 6, வெள்ளி

இது என்னவோ அமைதியாக இருந்த வீடு என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டை ஒட்டிய செட்டில் ஆறு விசைத்தறி ஓடியது. கல்யாணமாகி சோமனூருக்கு வந்த நாளிலிருந்து போன வருஷம் சித்திரை வரைக்கும் அந்த இரைச்சலுக்குள்தான் குடித்தனம். செட்டுக்குள் வாயால் பேசி ஆகாது. சாப்பிட வா என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். பாவு நூல் அறுந்துவிட்டது என்றால் முதுகில் ஒரு தட்டு. தறியை நிறுத்து என்றால் இரண்டு தட்டு. சண்டையும் கையால்தான். அடித்துக்கொண்டதில்லை, தறிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று காற்றில் வீசிக்கொள்வோம்.

வேலை வரத்துக் குறைந்ததும் ஆறு தறியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பஞ்சுத் தூசி தொலைந்தது, இனிமேலாவது இரண்டு பேரும் மனுஷர் மாதிரி வாயைத் திறந்து பேசிக்கொள்ளலாம் என்று சந்தோஷப்பட்டேன். தறி போனதோடு என்னிடம் பேச்சும் போய்விட்டது. பத்து வார்த்தை கேட்டால் பதில் வராது. வந்தாலும் "செரி" என்று ஒரே ஒரு வார்த்தை. தறி ஓட்டக் கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதுவரைக்கும் நான் வேண்டியவளாக இருந்தேன். இப்போது அந்த வண்டிதான் வேண்டியது.

ஜூன் 9, திங்கள்

இன்று சாயங்காலம் முழுக்க வாசலில் கார்புரேட்டர் வைத்தியம். கிட்டுசாமி அண்ணன் எனக்கு விளக்கம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"காத்தையும் பெட்ரோலையும் கலக்கறதுதான் தங்கச்சி இது. பழைய சைலன்சர் பொகையப் புடிச்சு மெதுவா உடும். புதுசு வெசையா உடும். அப்ப உள்ள காத்து சாஸ்தியா இழுக்கும். காத்து கூடுனா பெட்ரோலையும் கூட்டோணும். இல்லீன்னா சூடேறிப் போகும்."

சத்துமாவில் தண்ணீர் சேர்க்கிற கதைதான். மாவை மாற்றினால் தண்ணீரையும் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அதற்கு ஒரு சாயங்காலம் வேண்டுமா?

கார்புரேட்டரின் பக்கத்தில் ஏர் ஸ்க்ரூ என்று ஒரு சின்னத் திருகு. அதை உள்ளே திருகினால் காற்று குறையும், வெளியே திருகினால் கூடும். வண்டியை ஓடவிட்டு, இவர் அதை உள்ளேயும் வெளியேயும் திருகி, கண்ணை மூடிக் கேட்டார். கிட்டுசாமி அண்ணன், "இன்னும் பெரிய ஜெட்டுப் போடோணும் நாச்சிமுத்து, அது இல்லாம ஓட்டாத" என்றார். உள்ளே பெட்ரோல் வருகிற துளைக்குத்தான் ஜெட் என்று பெயராம். "போட்டுக்கலாம், சத்தம் பாரு, கும்முன்னு இருக்குது" என்றார் இவர். இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது? அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஜூன் 12, வியாழன்

பேருந்து வரவில்லை என்று அங்கன்வாடிக்கு அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. மேடு ஏறும்போது அந்தக் கும் சத்தத்துக்கு அடியில் மெல்லிசாக வேறொரு சத்தம் வந்தது. யாரோ கொலுசு போட்டுக்கொண்டு உள்ளே நடக்கிற மாதிரி. "ஏனுங், என்னமோ கிலுகிலுங்குது" என்றேன். பதில் இல்லை. தோளுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். பதில் இல்லை. இறங்கும்போது, "எப்புடி, வண்டி நல்லாப் போகுதல்ல?" என்று கேட்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மைதிலி ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். வழக்கம்போல இவர் எடுத்து, "இரு சாமி, அம்மாகிட்டத் தாரேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இருப்பது ஒரே பெண்.

"அப்பாவுக்கு என்றமேல என்னம்மா கோவம்? ஒரு வருசமா ரெண்டு வார்த்தை பேச மாட்டீங்கறாரு" என்று கேட்டாள். பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. "உன்னையாவது நல்லா வெச்சிருக்காரா?"

"நீ இங்க வந்துரும்மா, எனக்கும் தனியா இருக்கறதுக்குத் தொணையாச்சு" என்றாள். அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. யோசிக்கிறேன் என்றேன். எப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஜூன் 15, ஞாயிறு

கறி வாங்கக் கிளம்பினார். "கூட ஈரலு கொஞ்சம் வாங்கிட்டு வாங்" என்று சமையலறையிலிருந்து சொல்லிவிட்டேன். "செரி" என்றார். கறியோடு ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி வந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்புக்கு மசாலா வதக்கிக்கொண்டிருக்கிறேன், கீரையைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார். "ஈரலு எங்கீங்?" என்றால், "இதா, நீ சொன்ன கீரை" என்கிறார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. இப்படிக் கள்ளம் இல்லாமல் ஒருவரை எப்படி அவமானப்படுத்துவது என்று இவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கீரையை அப்படியே தூக்கி எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டேன். சைலன்சர் பயத்தில் அதற்கும் நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

ஜூன் 19, வியாழன்

மூன்று நாளாக நான் அவரிடம் பேசவில்லை. அது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டேன். மைதிலியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது, ஆனி முடிவதற்குள் வந்துவிடும்மா என்றாள். ஆனி கடைசி நாளே கிளம்புகிறேன் என்றேன். அங்கன்வாடி வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இவரிடம் சொல்லாமல் போனாள் என்று யாரும் பேசக் கூடாது. இவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, "நான் ஓசூருக்கு மைதிலிகிட்டப் போறேன். இனி அங்கதான் இருப்பேன். திரும்ப வர மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. அழுகை வரும்போது இன்னும் மேலே போகும் என் குரல்.

துடைப்பதை நிறுத்தவில்லை. பாதி திரும்பி, "செரி" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு ஒரு செரி. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். இவர் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. அவிநாசியில் ஞாயிற்றுக்கிழமை கிட்டுசாமி அண்ணன் வீட்டுக் கல்யாணம் இருக்கிறதே, அதற்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நானும் ஒரு தரம் அப்படி இருந்து பார்க்கிறேனே.

ஜூன் 29, ஞாயிறு

உயிரோடு இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு அந்த வண்டியில்தான் போனோம். பட்டுச்சேலையோடு நான், வேட்டி மடித்துக் கட்டி இவர். பெரிய ரோட்டுக்கு வந்ததும் வேகம் பிடித்தார். பாலம் ஏறும்போது அந்தக் கொலுசுச் சத்தம் கிளம்பியது. அன்றைக்கு மாதிரி மெல்லிசாக இல்லை, ஒரு டப்பாவில் காசைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. "ஏனுங், மெதுவாப் போங்க, என்னமோ சத்தம் வருது" என்றேன். முறுக்கினார். "நிறுத்துங்க" என்று கத்தினேன். இன்னும் முறுக்கினார். "காது கேக்கலையா உங்களுக்கு?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் போன காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் திரும்பவில்லை.

அப்புறம் சத்தம் மொத்தமும் ஒரே அடியாக நின்றது. பின்சக்கரம் பிடித்துக்கொண்டு கிரீச்சென்று இழுத்தது. வண்டி சாய்ந்து நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரம் விழுந்தோம். இவர் கிளச்சைப் பிடித்துவிட்டாராம், அதனால்தான் பின்னால் வந்த லாரிக்கு முன்னால் விழாமல் ஓரத்தில் விழுந்தோமாம். எனக்கு முழங்கையில் தோல் போயிற்று. இவருக்கு முழங்காலில் தையல்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. முகக்கவசம் போட்டிருந்தாள். "எங்கங்கய்யா வலிக்குது?" என்றாள்.

"சோமனூருங்க" என்றார் இவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். "தலையில ஏதாவது அடி பட்டுச்சா?"

"ஆமாங்க."

"மயக்கம் வந்துச்சா?"

"ஆமாங்க ஆமாங்க."

உடனே தலையைப் படம் எடுக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். கட்டுப் போட வந்த ஆள் நல்ல தாட்டியான மனுஷர், "ஏனுங்ணா, தலையிலயா அடி?" என்று கேட்டார். "அட இல்லீங்க, ஹெல்மெட் போட்டிருந்தனுங்க. காலு மட்டுந்தான்" என்றார் இவர், தெளிவாக.

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இவர் கட்டிலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று, "வீடு தீப்புடிச்சுக்கிச்சுங்" என்றேன். பக்கத்தைத் திருப்பினார்.

ஜூலை 2, புதன்

வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கிட்டுசாமி அண்ணன் வந்தார். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் இஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கைக் கையில் வைத்து என்னிடம் காட்டினார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

"பெட்ரோல் பத்தலை, காத்து சாஸ்தி. சூடேறி பிஸ்டன் புடிச்சுக்கிச்சு. பெரிய ஜெட்டுப் போடாம ஓட்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதுசெரி தங்கச்சி, புடிக்கறதுக்கு முன்னால உள்ள கிலுகிலுன்னு சத்தம் வந்திருக்கோணுமே. ரெண்டு பேருத்துக்குமா கேக்கலை?"

"எனக்குக் கேட்டுச்சுங்ணா."

"அவனுக்கு எப்புடிக் கேக்கும், அது மெல்லிசுச் சத்தமாச்சே" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

விடுவேனா நான். கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் வைகாசியிலேயே அண்ணன்தான் இவரைக் கோயமுத்தூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். "தறிக்காரங்களுக்கு வாரதுதானாம். மொதல்ல மெல்லிசுக் கொரலெல்லாம் போகுமாம். பொம்பளைங்க கொரலு, கொழந்தைங்க கொரலு, குருவி கத்தறது. நம்ம மாதிரித் தடிச்ச கொரலு நல்லாக் கேக்கும்னாரு. நான் உன்றகிட்டச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

தறி ஓடிய வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் கேட்காது. கையும் வாயசைவும் வைத்தே காலம் ஓடிவிட்டது. நான் பகலில் அங்கன்வாடிக்குப் போய்விடுவேன், இவர் நாள் முழுக்க செட்டுக்குள். தறி நின்ற பிறகுதான் இவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து ஒரு வருஷம்.

ஒரு வருஷம் இந்த மனுஷர் என்னை வெறுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டு இருந்தேன். என் பெண்ணும் அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். பாவம் என்று தோன்ற வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. தோன்றவில்லை.

ஜூலை 3, வியாழன்

கட்டிலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பூச்சாண்டி கதைக்குப் பிள்ளைகளிடம் போடுகிற கட்டைக் குரலை எடுத்தேன். "ஏன் என்றகிட்டச் சொல்லலை?"

திடுக்கிட்டுப் பார்த்தார். அந்தக் குரல் கேட்டிருக்கிறது.

"கிட்டான் சொல்லிட்டானா?"

"அது இருக்கட்டும். நீங்க ஏன் சொல்லலை?"

போர்வையின் ஓரத்தை மடித்தார். "எப்புடிச் சொல்றது அம்மிணி? கிட்டான் பேசறது கேக்குது. லாரி கேக்குது. மாட்டுக்காரன் கத்தறது கேக்குது. ஊர்ல எல்லாருத்து சத்தமும் கேக்குது, உன்றது மட்டும் கேக்கலைன்னு சொன்னா நீ நம்புவியா?"

நம்பியிருக்க மாட்டேன். கீரையைத் தூக்கி மாட்டுக்குப் போட்ட மாதிரி அந்தப் பேச்சையும் தூக்கிப் போட்டிருப்பேன். அதற்காக இவர் செய்தது சரியாகிவிடுமா?

"அந்தக் கொழாயி எதுக்கு மாத்துனீங்க?"

"தறி போனதுக்கப்பறம் வூடே அமந்து போச்சு. நீ வாயை அசைக்கறே, மைதிலி போனுல என்னமோ பேசறா, எதுவும் வாரதில்லை. அந்த வண்டி ஒண்ணுதான் எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் குரல் மேலே போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன். "ஓசூருக்குப் போறேன், திரும்ப வர மாட்டேன்னு சொன்னேன். செரின்னீங்க."

"எப்பச் சொன்னே?"

"வண்டியைத் தொடச்சிட்டு இருந்தப்ப. பொறகால நின்னு."

இவர் முகம் மாறிப்போயிற்று. "சோறு ஆச்சுன்னு நீ சொன்னதா நெனச்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அதுக்கா நான் செரின்னு சொன்னேன்?" என்றார்.

"ஆமா."

எதற்கும் செரி என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்திவிடும் என்று ஒரு வருஷமாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாராம். இதையும் என்னிடமே சொல்கிறார். நான் எழுந்து போய்ப் பெட்டியில் இன்னும் நாலு சேலையை வைத்தேன். காது கேட்காதது குற்றமில்லை. சொல்லாமல் இருந்ததை நான் எப்படி விட முடியும்? மைதிலிக்கு மட்டும் போன் பண்ணி அப்பாவுக்கு உன்மேல் கோபமில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். அவளும் அழுதாள், அப்புறம் அவளுக்கும் கோபம் வந்தது. என் பெண்தானே.

ஜூலை 5, சனி

கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன். காதுக்கு மாட்டுகிற மெஷினுக்கு அளவெடுத்தார்கள், வரக் கொஞ்ச நாளாகும். அங்கிருந்த பையன் என்னிடம், "கத்தாதீங்கம்மா. கத்துனா குரல் இன்னும் மேல போகும், அவருக்கு இன்னும் கேக்காது. கீழ எறக்கி, மெதுவாப் பேசுங்க" என்றான்.

அப்படியானால் நான் எவ்வளவுக்கெவ்வளவு கோபப்பட்டேனோ அவ்வளவுக்கவ்வளவு இவருக்குக் கேட்கவில்லை. ஒரு வருஷம் நான் திட்டிய திட்டு மொத்தமும் வீண். எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன். தேடித் தேடி, இவர் அம்மா வழி அப்பா வழி எல்லாம் இழுத்து, ஒன்று விடாமல் திட்டினேன். அவ்வளவும் காற்றில் போயிருக்கிறது. பேருந்தில் வரும் வழியெல்லாம் எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஜூலை 10, வியாழன்

அங்கன்வாடியில் கட்டைக் குரலில் பாடிப் பழகினேன். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எதற்குப் பழகுகிறேன் என்று தெரியவில்லை, அடுத்த வாரம் போகப் போகிறவள்.

ஜூலை 13, ஞாயிறு

வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டாகிவிட்டது. கிட்டுசாமி அண்ணன் பெரிய ஜெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பழைய சைலன்சரையே திரும்ப மாட்டிவிடலாம் என்று இவர் சொன்னாராம், அது கரியும் ஓட்டையுமாக இருக்கிறதாம். துவைக்கிற கல்லில் கிடந்தபோதே எனக்குத் தெரியும்.

காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். நொண்டிக்கொண்டுதான். "கார்புரேட்டரைத் திருகிச் சரியா வெக்கோணும். நீ சித்த பக்கத்துல நிக்கறியா?" என்றார். "மெல்லிசுச் சத்தம் எனக்குத் தெரியாது. நீ கேட்டுச் சொல்லோணும்."

இந்த ஒரு வருஷத்தில் இவர் என்னிடம் ஒரு உதவி கேட்டது இதுதான் முதல் தடவை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

வண்டி ஓடும்போது கட்டைக் குரலும் எடுபடவில்லை. இவர் கார்புரேட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறார், நான் பின்னால் நிற்கிறேன், எப்படிச் சொல்வது? என் கை தானாக இவர் முதுகுக்குப் போயிற்று. ஒரு தட்டு. இவர் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தார். அப்புறம் திருகை உள்ளே கொஞ்சம் திருப்பினார். செட்டில் கற்றது மறக்கவில்லை. சத்தம் சீராகும் வரைக்கும் ஒவ்வொரு தட்டு. இன்னும் திருகினால் இஞ்சின் அடைக்க ஆரம்பித்தது, உடனே இரண்டு தட்டு, நிறுத்தினார். திரும்பக் கொஞ்சம் வெளியே எடுத்தார். வெளியே எடுக்க எடுக்கப் படபடவென்று துடித்தது, அதற்கும் தட்டு. நடுவில் ஓரிடத்தில் எல்லாம் ஒட்டி ஒரே மாதிரி ஓடியது. அங்கே இரண்டு தட்டு.

கையில் கிரீஸ், நெற்றியில் வேர்வை. "கேக்குதா கிலுகிலு?" என்று வாயசைத்துக் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். "மேட்டுல ஏத்துனாத்தான் தெரியும்" என்றார்.

அங்கே போவதற்கு நான் இருக்க மாட்டேன் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். காலையிலேயே மைதிலி போன் பண்ணினாள், பஸ் ஏறிவிட்டாயா என்று. இவர் போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, "சாமி, ஆம்பளை மாதிரிப் பேசு" என்றார். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். "கேக்குது, கேக்குது" என்று இவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் பெட்டியைப் பூட்டினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அந்த வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல இவருக்கு வாய் வரவில்லை, அது எனக்குத் தெரியும், அதுவும் எனக்குக் கோபம்தான். பெட்டியை முன்னால் டேங்க்கின் மேல் வைத்து, நான் பின்னால் உட்கார்ந்தேன்.

அந்தப் பாலம் வந்தது. பயமாக இருந்தது. இவர் மெதுவாகத்தான் ஏற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கும்மென்ற சத்தத்துக்கு அடியில் எங்காவது அந்தக் கொலுசு இருக்கிறதா என்று ஒவ்வொரு அடியாகத் தேடினேன். இல்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன், இன்னும் கொஞ்சம் முறுக்கினார். இல்லை. பாலத்தின் உச்சிக்கு வந்துவிட்டோம், வண்டி சுத்தமாகப் பாடிக்கொண்டு போகிறது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு வருஷத் திட்டு அப்படியே மிச்சம் இருக்கிறது. ஒன்றுகூட இவர் காதில் விழவில்லை. இனிமேல்தான் மெஷின் வரப் போகிறது, இனிமேல்தான் நான் கட்டைக் குரலில் ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அதை யாரிடம் சொல்வேன்?

பாலம் இறங்கியதும் இரண்டு தட்டுத் தட்டினேன். ஓரமாக நிறுத்தினார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார், நம் வீட்டு டீத்தூள் நிறத்தில் இருந்தது. சரியான நிறமாம். திரும்ப மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார், முன்னால் பார்த்தபடியே.

கையை நன்றாக ஓங்கி, இவர் முதுகு நடுவில் ஒன்று வைத்தேன். சட்டையில் ஐந்து விரலும் பதிகிற மாதிரி. பெட்டி டேங்க்கிலிருந்து சரிந்தது, பிடித்துக்கொண்டார்.

"ஒரு தட்டுன்னா பாவு அறுந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். "என்ன அம்மிணி அறுந்துச்சு?"

"ஒண்ணும் அறுந்து போகலை" என்றேன், பூச்சாண்டிக் குரலில். "இது அந்த ஒரு வருசத்துக்கு. மீதியெல்லாம் வூட்டுக்குப் போய். வண்டியைத் திருப்புங்க."

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார்.

செரி என்று சொல்லவில்லை.